சிறுதேர் உருளும் தெரு

உளுந்தூர்பேட்டையில் பெருவழி இரண்டாகப் பிரிகிறது. சென்னையிலிருந்து வருகிற வண்டிகள் ஒரு பக்கம் திருச்சிக்கும் ஒரு பக்கம் சேலத்துக்கும் போகின்றன. இரவு பகல் இல்லாமல் ஏர் ஹாரன் ஒலிக்கிறது. எல்லோருக்கும் எங்கேயோ போய்ச் சேர வேண்டியிருக்கிறது. இந்த அவசரத்துக்குப் பக்கத்திலேயே, சற்று உள்ளே தள்ளி, திருநாவலூர் இருக்கிறது.

சுந்தரர் பிறந்த ஊர் அது. நம்பியாரூரர் என்ற சின்னப் பிள்ளை தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்ததைச் சேக்கிழார் பாடுகிறார். அந்த வழியே வந்த மன்னர் நரசிங்கமுனையரையர் பிள்ளையைக் கண்டு மனம் பறிகொடுத்தார். பெற்றவர்களிடம் கேட்டு அழைத்துப் போய்த் தம் மகனாகவே வளர்த்தார். பின்னாளில் அந்தப் பிள்ளை பாடியவற்றில் நூறு பதிகங்கள் ஏழாம் திருமுறையாக நமக்குக் கிடைத்திருக்கின்றன.

மன்னர் எதைக் கண்டு நின்றிருப்பார்? பிள்ளையின் அழகைக் கண்டு என்பார்கள். இருக்கலாம். எனக்கு இன்னொன்றும் தோன்றுவதுண்டு. தேர் உருட்டும் பிள்ளைக்கு அந்தத் தேர் போதும். அந்தத் தெரு போதும். அதற்கு அப்பால் அடைய வேண்டியது எதுவும் இல்லை. ஒரு நாட்டையே கையில் வைத்திருந்தவருக்கு அப்படிப் போதும் என்றிருக்கும் ஒரு முகத்தைப் பார்க்கக் கிடைத்தது. அவர் எப்படி நகர்வார்?

போதும் என்கிற அந்த அமைதியைத்தான் நாமும் தேடிக்கொண்டிருக்கிறோம். கண்ணை மூடி அமர்ந்து தேடுகிறோம், மலையேறித் தேடுகிறோம். பிள்ளைப் பருவத்தில் அது நமக்குப் பழக்கமானதுதான். கையில் மண்ணும், வாயில் பாட்டும், காலில் ஓட்டமுமாக நாம் அதற்குள்ளேயே வாழ்ந்தோம். பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இதை அறிந்திருந்தார்கள். பிள்ளைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்து, ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று முடித்தார்கள். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்று முடித்தார்கள். ஓவியம், பாட்டு, விளையாட்டு என்று பெயர் மாற்றி இன்று நம் தொடக்கப் பள்ளிகளின் கால அட்டவணையில் கடைசிப் பீரியடில் உட்கார வைத்திருப்பது இவற்றைத்தான்.

இந்த வட்டாரத்து ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றை மனத்தில் கொண்டுவருவோம். அங்கே பாட்டு டீச்சர் கிடையாது. ஓவிய மாஸ்டர் கிடையாது. பி.டி. சார் கிடையாது. கணக்குச் சொல்லித் தருகிற அதே டீச்சர்தான் பாட வேண்டும், வரைய வேண்டும், விசிலும் ஊத வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இவற்றுக்கெல்லாம் பகுதிநேர ஆசிரியர்களைச் சொல்வது ஆறாம் வகுப்பிலிருந்துதான். அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். தமிழ்நாட்டில் 2012-இல் அப்படி 16,549 பேரை எடுத்தார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். நாம் எதை எவ்வளவு மதிக்கிறோம் என்பது இதில் தெரிந்துவிடுகிறது. வருத்தம்தான். ஆனாலும் அந்தத் தனி ஒரு டீச்சரிடம் ஒரு நல்வாய்ப்பும் வந்து சேர்ந்திருக்கிறது. பாட்டையும் பாடத்தையும் பிரித்துவைக்க அவரிடம் சுவர் இல்லை.

வரைகிற பிள்ளையைச் சற்று அருகில் போய்ப் பாருங்கள். கிரேயானைச் சுற்றியிருந்த காகிதம் உரிந்துவிட்டது. முனை ஒடிந்து, விரல் நுனியில் பிடிக்கிற அளவுக்குத்தான் மிச்சம். நாக்கு உதட்டோரத்தில் எட்டிப் பார்க்கிறது. தாளில் ஒரு மாடு, முழுப் பச்சை.

“ஏம்மா, மாடு பச்சையா இருக்கு?”

“புல்லு தின்னுடுச்சி டீச்சர்.”

அந்தப் பதிலில் தயக்கம் இல்லை. பக்கத்துத் தாளில் என்ன நிறம் என்று அந்தப் பிள்ளை திரும்பிப் பார்க்கவும் இல்லை. அந்த மாடு போதும், அந்தப் பச்சை போதும். இந்த நேரத்தில் டீச்சர் செய்ய வேண்டியது மிகக் குறைவு. பிழை திருத்தாமல் சற்றுத் தள்ளி நின்றால் போதும். நமக்கு அது எளிதாக வருவதில்லை. திருத்துகிற கை நம்மிடம் எப்போதும் தயாராக இருக்கிறது.

விளையாட்டுக்கு வருவோம். கபடியில் ஏறிப் போகிறவன் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே போக வேண்டும். பாட்டு அறுந்தால் ஆள் அவுட். நம் ஊர்ப் பிள்ளைகள் புழுதியில் இதைப் பழகுகிறார்கள். இதற்கு ஒரு ஆன்மிகப் பெயரும் அவர்கள் சூட்டவில்லை. மூச்சு ஒரே இழையாக ஓடும்போது மனமும் அதோடு ஓடுகிறது. நேற்றைய நினைவுக்கு அங்கே இடமில்லை, நாளைய கவலைக்கும் இடமில்லை. திருமூலர் காலத்திலிருந்து நம் யோகியர் மூச்சையும் மனத்தையும் சேர்த்தே பேசி வந்திருக்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை அந்த உறவைத் தொடையில் தட்டிக்கொண்டு கற்றுவிடுகிறது.

பாட்டும் அப்படியே. நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் எண்ணையும் எழுத்தையும் பாடி, ஆடி, பொம்மை காட்டிச் சொல்லித் தருகிறார்கள். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். பெயர் அழகாகத்தான் இருக்கிறது. மொட்டிலிருந்து மலருக்கு எப்போது போவாய் என்று வீட்டில் கேட்கத் தொடங்குகிற அன்றுதான் ஆசை உள்ளே நுழைகிறது. அதுவரை பாட்டுப் பாட்டாகவே இருந்தது. அதன் பிறகு அது ஒரு படிக்கட்டு. முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு. பரிசு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பரிசு வந்த பிறகும் பிள்ளை தனியாக இருக்கும்போது பாடுகிறதா என்பதை மட்டும் நாம் கவனித்துக்கொள்வோம்.

இந்தப் படிக்கட்டை நம்பாத ஒரு பள்ளியும் உண்டு. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்து அன்னை 1943 டிசம்பர் 2 அன்று பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். பாரீஸில் பிறந்தவர், ஓவியமும் இசையும் கற்றவர், முதிய வயதிலும் டென்னிஸ் ஆடியவர். உடலைப் பண்படுத்துவதை ஆன்மிகத்துக்கு வெளியே அவர் தள்ளவில்லை. உடல், உயிர், மனம், அதற்கும் உள்ளே இருப்பது என எல்லாவற்றையும் கல்விக்குள் கொண்டுவந்தார். அங்கே வளர்ந்த கல்வி மையம் இன்றும் பட்டமோ சான்றிதழோ தருவதில்லை. கற்றது போதும் என்று நம்பி நிற்கிற துணிச்சல் அது.

அங்கே தமிழ்ப் பிள்ளைகளும் சின்ன வயதிலேயே பிரெஞ்சு பேசிப் பழகுகிறார்கள். நம் ஒன்றியப் பள்ளியில் அந்த இடம் ஆங்கிலத்துக்கு. புதிய மொழியில் குழந்தை தப்பாகப் பேசுகிறது, தானே சிரிக்கிறது, மறுபடி பேசுகிறது. நாமோ வங்கியில், மருத்துவமனையில், பேரனின் பள்ளி வாசலில் ஒரு ஆங்கில வாக்கியத்தை வாய்க்குள்ளேயே பத்து முறை திருத்திவிட்டுக் கடைசியில் பேசாமல் வந்துவிடுகிறோம். இலக்கணம் நமக்குத் தெரியும். நல்ல பெயர் வேண்டும் என்கிற ஆசைதான் நாக்கைப் பிடித்துக்கொள்கிறது. குழந்தைக்கு அந்தப் பெயர் இன்னும் தேவைப்படவில்லை.

பிள்ளைகளின் மனத்தைப் பார்த்தோம். டீச்சருக்கும் ஒரு மனம் உண்டு. காலையில் எமிஸ் என்கிற இணையப் பதிவேட்டில் வருகையைப் பதிவு செய்ய வேண்டும். சிக்னல் கிடைக்காமல் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் வகுப்புக்கும் நடக்க வேண்டும். மாலைக்குள் வேறு ஏதாவது படிவம் வந்துவிடும். இப்படிக் கலைந்த மனத்தோடு கடைசிப் பீரியடில் பாடு என்றால் யாருக்கு வரும்? ஆகவே பாட்டை நாளின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். பத்தே நிமிடம். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. முப்பது பிள்ளைகள் சேர்ந்து பாடும்போது டீச்சரின் சுருதியை யார் கேட்கப் போகிறார்கள்? கணக்குப் புத்தகத்தை அதன் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.