பொம்மைக்கு உயிர் தந்தோர்

பொம்மை ஒன்று அஞ்சுகிறது. தன்னை வைத்து விளையாடும் சிறுவன், புதிதாய் வந்த விண்வெளி வீரப் பொம்மையைக் கண்டு மயங்கித் தன்னை மறந்துவிடுவானோ என்று கலங்குகிறது. தன் காலணியின் அடியிலே அவன் எழுதிவைத்த பெயரைப் பெருமையோடு காட்டிக்கொள்கிறது. ஆண்டி என்பது அவன் பெயர். பெயர்தான் ஆண்டி, பொம்மைகளுக்கோ அவனே ஆண்டை!

1995ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவிலே வெளிவந்த 'டாய் ஸ்டோரி' எனும் படக்கதை இது. முழுநீளப் படம் ஒன்றை முற்றிலும் கணினி கொண்டே தீட்டிய முதல் முயற்சி. பிக்சார் நிறுவனத்தின் படைப்பு. கண்டோர் களித்தனர், நாமும் களித்தோம். கலையைப் பழிக்க வந்தோமல்லோம். பொம்மைக்கு உயிர் தந்தோரின் காலடியிலே எவர் பெயர் எழுதப்பட்டிருந்தது? அதைத்தான் கேட்கிறோம்.

சவுக்கேந்தி வேலை வாங்கும் கங்காணியை அறிவோம், வெறுக்கிறோம். கங்காணி இல்லை, கலைஞன் தானே விரும்பி இரவெல்லாம் கண்விழித்து உழைக்கிறான் என்றால், அவன் படும் பாட்டுக்கு எவர் பொறுப்பு? 'அவன் ஆர்வம் அப்படி' என்று கூறி முதலாளி ஒதுங்கிக்கொள்வது அறமாகுமா?

அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் 1999 நவம்பரில் வெளிவந்தாக வேண்டும், கதையோ சரியாயில்லை. ஏறத்தாழ முழுவதையும் ஒன்பதே திங்களில் புதிதாக்கினர். என்ன விலை கொடுத்து? நிறுவனத் தலைவராயிருந்த எட் கேட்மல், 2014இல் வெளியிட்ட தம் நூலில் ஒளிக்காமல் எழுதுகிறார்: பணியாளரில் மூன்றில் ஒரு பங்கினர், ஓயாமல் ஒரே அசைவைச் செய்வதால் வரும் நோவுக்கு ஆளாயினர். களைப்பின் மிகுதியால் ஒரு கலைஞர், காப்பகத்தில் விடவேண்டிய தம் கைக்குழந்தையை மறந்து, கொளுத்தும் வெயிலில் காரிலேயே விட்டுவிட்டுப் பணிக்குச் சென்றார். மனைவி கேட்ட பிறகே நினைவு வந்தது. ஓடினர், மயங்கிக் கிடந்த மழலையின்மீது குளிர்நீர் ஊற்றினர். நல்லவேளை, பிழைத்தது. இனி இப்படி நேரக்கூடாது, அது தலைமையின் பொறுப்பு என்று கேட்மல் எழுதியதைப் பாராட்டவே செய்கிறோம்.

ஆனால், மற்றொரு செய்தியும் உண்டே! 2010 டிசம்பரில் அமெரிக்க நீதித்துறை, லூகாஸ் பிலிம் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. பிக்சாரும் அதுவும் 2005 முதலே ஓர் உடன்பாடு வைத்திருந்தன என்பது குற்றச்சாட்டு: ஒருவர் பணியாளரை மற்றவர் நாடி அழைப்பதில்லை, வேலை தர முன்வந்தால் தெரிவித்துவிடுவது, ஊதியத்தை முதலில் சொன்னதற்குமேல் ஏற்றுவதில்லை. பின்னர் 2014இல் கலைஞர்களே பல நிறுவனங்கள்மீது வழக்காடினர். தீர்ப்பு வரவில்லை, சமரசம் வந்தது. டிஸ்னி, டிரீம்வொர்க்ஸ், சோனி, புளூஸ்கை ஆகியவை சேர்ந்து ஏறத்தாழ 17 கோடி டாலர் தர இசைந்தன.

பாதிப் படத்தில் ஆள் பறிபோனால் படமே கெடும், நூற்றுக்கணக்கானோர் பிழைப்பும் கெடும் என்பர் நிறுவனத்தார். வெற்று வாதம் அன்று அது. ஆயினும், கலைஞர்களை அங்கே கட்டிவைத்திருந்தது அன்பே என்றால், முதலாளிகளுக்குள் மறைவான உடன்பாடு எதற்கு? விரும்பித் தங்கினான் என்று சொல்ல வேண்டுமானால், வெளியேறும் வாயில் திறந்திருக்க வேண்டாமா? வாயிலை மூடிவைத்துவிட்டு, 'பாருங்கள், எவனும் போகவில்லை, எவ்வளவு பாசம்!' என்பதா?

படம் உருவான காலத்தில் பணியாளர் இல்லங்களில் பிறந்த குழந்தைகளின் பெயர்களைப் படத்தின் இறுதியில் வரிசையாகக் காட்டுவது பிக்சாரின் வழக்கம். அரங்கில் விளக்கு எரிந்து, மக்கள் எழுந்து வெளியேறும்போது அப்பெயர்கள் திரையில் ஓடுகின்றன.