வாகை யாருக்கு உரியது?

தெஹிவளையில் ஆசிரிய நண்பர் ஒருவரின் வீட்டுச் சுவரில் பழைய செதுக்கோவியம் ஒன்றின் பிரதி தொங்குகிறது. இளைஞர் இருவர் முதியவர் ஒருவரைத் தோள்மேல் தூக்கிச் செல்கின்றனர். சூழ நிற்கும் மக்கள் ஆர்ப்பரிக்கின்றனர். அம் முதியவர் ரோட்ஸ் தீவின் டயகோராஸ். கி. மு. 464இல் ஒலிம்பியாவில் குத்துச்சண்டையில் வென்றவர். கி. மு. 448இல் அவருடைய மைந்தர் இருவர் அதே களத்தில் வென்றனர்; தந்தையைச் சுமந்துகொண்டு மக்கள் நடுவே வலம் வந்தனர். தான் பெற்ற வெற்றியைத் தன்னை ஆளாக்கியவருக்கே உரிமையாக்கும் அச் செயல் நம் நெஞ்சைத் தொடுகிறது.

ஆயினும் ஓவியத்தில் இடம்பெறாதோரையும் நாம் நினைத்தல் வேண்டும். அடிமைகள் அக்களத்தில் போட்டியிட முடியாது. தேரோட்டத்திலோ முடி குதிரைகளின் உடைமையாளனுக்கே சூட்டப்பட்டது. உயிரைப் பணயம் வைத்துத் தேரோட்டியவனுக்கு அன்று. கி. மு. 416இல் அல்சிபியாடிஸ் என்ற ஏதென்ஸ் செல்வன் ஏழு தேர்களைக் களத்தில் இறக்கிப் புகழ் கொண்டான். கடிவாளம் பிடித்த கைகள் யாருடையவை என்று வரலாறு கவலைப்படவில்லை. உழைப்பு ஒருவனுக்கு, வாகை மற்றொருவனுக்கு என்ற நியதி அத்துணைப் பழையது.

விளையாட்டு வீரரின் வெற்றியால் நகரத்தின் களஞ்சியம் நிறையாது என்று அன்றே இடித்துரைத்தார் செனோபனிஸ் என்ற கவிஞர். அவர் கூற்றை நாம் முழுவதும் ஏற்கவில்லை. ஒருவன் உயரத் தாண்டும்போது மனித உடலின் ஆற்றலை நம் எல்லோருக்காகவும் ஒரு விரற்கடை உயர்த்துகிறான். அதைக் கொண்டாடுவது நியாயமே. ஆனால், கொண்டாடுவோருக்குக் கடமை எதுவும் இல்லையா? இதுவே நம் கேள்வி.

விடை தேடிக் கிரேக்கம் வரை செல்ல வேண்டியதில்லை. 1958ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் டோக்கியோவில் மூன்றாவது ஆசிய விளையாட்டு விழா தொடங்கியது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் தாண்டித் தங்கப் பதக்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கை பெற்ற முதல் தங்கம் அது. அதே நாட்களில் இங்கே நடந்தது என்ன? தமிழர் தாக்கப்பட்டனர், வீடுகள் எரிந்தன, தலைநகரிலேயே மக்கள் அகதிகளாயினர். மே 27ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. எந்த நாட்டின் பெயரை அவர் அங்கே உயர்த்தினாரோ, அந்த நாட்டின் வீதிகளில் அவருடைய மொழியைப் பேசுவதே ஆபத்தாக இருந்தது.

விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்பார் உளர். பதக்கத்தை நாட்டின் பெயரால் எண்ணும்போது அவர்கள் இவ்வேறுபாட்டைச் சொல்வதில்லையே! வென்றவனை ‘நம்மவன்’ என்று உரிமை கொண்டாடுகிறவன், பதக்கமே பெறாத அவன் அயலவனையும் நம்மவன் என ஏற்றாக வேண்டும். இன்றேல் அவன் செய்வது அல்சிபியாடிஸ் செய்ததே: பிறர் உழைப்பில் விளைந்த முடியைத் தன் தலையில் சூடிக்கொள்வது.

இவ்வளவுகோல் நமக்கும் பொருந்தும். எதிர்வீரசிங்கம் தமிழர் என்பதற்காக மட்டும் நாம் பெருமிதம் கொண்டால், அதே பிழையை மறுபுறத்திலிருந்து செய்கிறோம். வறிய சிங்களக் கிராமக் குடும்பத்தில் பிறந்த சுசந்திகா ஜயசிங்க 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக் பதக்கம் வென்றபோது, அதுவும் நம் வெற்றியே என்று நாம் உளமார உணர்ந்தோமா? மாணவர்க்கு விளையாட்டின் பெருமையை எடுத்துரைக்கும் ஆசிரியர்கள் இக் கேள்வியையும் வகுப்பறையில் எழுப்புதல் நன்று.

டயகோராஸின் மைந்தர் தம்மைச் சுமந்தவரைத் தாம் சுமந்தனர். ஒரு சமுதாயம் தன் வீரர்களைத் தோளில் தூக்கலாம். அவர்களைப் பெற்றெடுத்த மக்களைக் காலால் மிதிக்கும்வரை அத் தோளுக்குப் பெருமை இல்லை.