இன்று இரவு யாரை அழைக்கப் போகிறீர்கள்?

2022 மே மாதக் கடைசியில், டைம்ஸ் நவ் தொலைக்காட்சியில் ஞானவாபி மசூதி வழக்கைப் பற்றி ஒரு விவாதம் நடந்தது. அப்போது பாஜகவின் தேசியச் செய்தித் தொடர்பாளராக இருந்த நுபுர் சர்மா அதில் நபிகள் நாயகத்தைப் பற்றிச் சொன்ன சில வாக்கியங்கள் பத்து நாளில் கடல் தாண்டிவிட்டன. கத்தார், குவைத், ஈரான் அரசுகள் இந்தியத் தூதர்களை அழைத்துக் கண்டித்தன. ஜூன் 5 அன்று கட்சி அவரை இடைநீக்கம் செய்தது. ஜூன் 10 அன்று ராஞ்சியில் போராட்டம் வன்முறையாகி இரண்டு பேர் உயிரிழந்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர் சிவனை இழிவாகப் பேசியதால்தான் அப்படிச் சொன்னேன் என்பது நுபுர் சர்மா தந்த விளக்கம். விருந்தினரின் கருத்துக்குத் தான் பொறுப்பல்ல என்று நிறுவனம் ஒதுங்கிக்கொண்டது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விஷயத்தை ஒரு டிவி ஏன் விவாதிக்க வேண்டும் என்று ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கேட்டார்கள்.

நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. பேசியவரைப் பற்றி மாதக்கணக்கில் பேசிய நாம், அந்த மேடையைப் போட்டவர்களைப் பற்றி ஒரு வாரம்கூடப் பேசவில்லை.

இரவு எட்டு மணிக்கு ஒருவர் திரையில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், மதியம் யாரோ அவருக்குப் போன் போட்டிருக்கிறார்கள். இதில் மர்மம் ஒன்றுமில்லை. காலையில் ஆசிரியர் குழு கூடும். முந்தைய நாள் விமான நிலையத்தில் எந்தத் தலைவர் என்ன சொன்னார், அதில் எந்த வரி பற்றிக்கொள்ளும் என்று பார்ப்பார்கள். அந்த வரி அன்றைய தலைப்பாகும். அதன் பிறகு வேலை கெஸ்ட் கோஆர்டினேட்டருடையது. கட்சிகள் கொடுத்த பேச்சாளர் பட்டியல் அவர் கையில் இருக்கும். அதில் நிதானமாகப் பேசுபவரும் இருப்பார், பட்ஜெட் ஆவணத்தைப் படித்துவிட்டு வருபவரும் இருப்பார். ‘அவர் வந்தா ஷோ தூங்கிடும்’ என்று அந்தப் பெயர்களைத் தாண்டி விரல் கீழே இறங்கும். மேசையைத் தட்டுபவர், எதிராளியை ஒருமையில் பேசுபவர், போன வாரம் மைக்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனவர், இப்படி ஒரு பெயரில் வந்து நிற்கும். சாதியைச் சொல்லித் திட்டியதற்காக வழக்கு வாங்கியவருக்குக்கூட அடுத்த மாதமே அழைப்பு போகும். அந்த வழக்கே அவருக்குத் தகுதியாகிவிடுகிறது.

இதற்குப் பின்னால் பணக் கணக்கு இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. மீனவர்களின் படகிலும் வலையிலும் கறுப்பாக அப்பிக்கொண்டது. அது எங்கிருந்து வந்தது, எத்தனை வீட்டுப் பிழைப்பு போனது என்று தோண்ட வேண்டுமானால் ஒரு நிருபர் வேண்டும், ஒளிப்பதிவாளர் வேண்டும், படகு வேண்டும், பல நாள் அவகாசம் வேண்டும், நிறுவனங்கள் அனுப்பும் வக்கீல் நோட்டீஸைத் தாங்கும் துணிவும் வேண்டும். விவாதத்துக்கு இதில் எதுவும் வேண்டாம். கட்சிக்காரர் காசு கேட்காமல் வருவார். பலர் தங்கள் வீட்டு லேப்டாப் முன்னாலேயே உட்கார்ந்துகொள்வார்கள். ஒரு மணி நேரம் நிரம்பிவிடும். மறுநாள் காலையில் அதையே துண்டு துண்டாக வெட்டி, ‘தெறிக்கவிட்ட’, ‘கதறவிட்ட’, ‘வச்சு செஞ்ச’ என்று சிவப்பு எழுத்தில் தலைப்புப் போட்டு யூடியூபில் ஏற்றினால் இன்னொரு வருமானம். தகராறு செய்யும் அரசியல்வாதிதான் இந்தத் தொழிலின் மலிவான மூலப்பொருள்.

கேட்டால் டிஆர்பி என்பார்கள். பார்க் நிறுவனம் நாடு முழுவதும் சுமார் 58,000 வீடுகளில் கருவி வைத்து, யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறது. 2020 அக்டோபரில் டிஆர்பி மோசடிப் புகார் மும்பையில் வெடித்தபோது, செய்தி அலைவரிசைகளுக்கான தரவரிசையை நிறுத்தினார்கள். 2022 மார்ச்சில்தான் அது திரும்பி வந்தது. வியாழக்கிழமைதோறும் வரும் அந்தத் தரவரிசைப் பட்டியல் இல்லாமலே பதினேழு மாதம் ஓடியது. அப்போதும் அதே முகங்கள்தான் வந்தன, அதே கூச்சல்தான் கேட்டது. ஆகவே டிஆர்பி மட்டும் காரணம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பழகிப்போன சோம்பேறித்தனமும் இருக்கிறது.

ஒரு மழைக்காலத்தில் சென்னை வெள்ளத்தைப் பற்றிய விவாதம் ஒன்றைப் பார்த்தேன். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் வந்திருந்தார். கையில் நீர்வழி வரைபடம் வைத்திருந்தார். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து கோவளத்தில் கடலுக்குப் போக வேண்டும், அந்த மடுவு எவ்வளவு குறுகிவிட்டது தெரியுமா என்று ஆரம்பித்தார். “சார், சுருக்கமா” என்றார் நெறியாளர். அதற்குள் இரண்டு கட்சிக்காரர்கள், யார் ஆட்சியில் மழைநீர் வடிகாலில் கமிஷன் அதிகம் என்று குரலை உயர்த்திவிட்டார்கள். பெரியவர் இரண்டு முறை வாயெடுத்துப் பார்த்தார். முடியவில்லை. வேளச்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் முழங்கால் தண்ணீரில் நின்றவர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம் அந்தக் காகிதத்தில்தான் இருந்தது. தகராறுக்காரருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் இப்படி யாரோ ஒருவரிடமிருந்து பிடுங்கியது.

இப்படிக் கொடுத்த நேரம் எங்கே போய் முடியும் என்பதை மற்ற நாடுகள் பார்த்துவிட்டன. பிரான்சில் தீவிர வலதுசாரித் தலைவர் ஜான் மரி லெ பென் 1981இல் அதிபர் தேர்தலில் நிற்பதற்குத் தேவையான 500 மக்கள் பிரதிநிதிகளின் கையெழுத்தைக்கூடத் திரட்ட முடியாமல் தவித்தவர். 1984 பிப்ரவரியில் அரசுத் தொலைக்காட்சியின் முக்கிய அரசியல் பேட்டி நிகழ்ச்சியில் அவரை உட்காரவைத்தார்கள். அந்த ஜூன் மாதமே ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அவர் கட்சி ஏறக்குறைய 11 சதவீத வாக்கு வாங்கியது. அந்த ஒரு நிகழ்ச்சியால் மட்டும்தான் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வாசல் திறந்தது அங்கேதான். 2016இல் டிரம்ப் அமெரிக்கச் செய்தி நேரத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தபோது, சிபிஎஸ் நிறுவனத்தின் தலைவர் லெஸ் மூன்வெஸ், இது அமெரிக்காவுக்கு நல்லதாக இல்லாமல் போகலாம், சிபிஎஸ்ஸுக்கு மிக நல்லது என்று முதலீட்டாளர்கள் முன்னால் வெளிப்படையாகவே சொன்னார்.

‘ஜனநாயகத்தில் ஒருவரைப் பேசவிடாமல் தடுக்கலாமா? மேடையில் ஏற்றினால்தானே அவர் யாரென்று அம்பலமாகும்?’ என்று ஊடக நண்பர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. இங்கிலாந்தில் 2009 அக்டோபரில் தீவிர வலதுசாரித் தலைவர் நிக் கிரிஃபினை பிபிசி தன் ‘கொஸ்டின் டைம்’ நிகழ்ச்சியில் ஏற்றியது. சுமார் 80 லட்சம் பேர் பார்த்தார்கள். அடுத்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் அவர் நின்ற தொகுதியில் அவருக்கு மூன்றாம் இடம்தான் கிடைத்தது. ஆனால் அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். அவர் முன்பு பேசியவற்றை எடுத்துவைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள். அந்த நிகழ்ச்சியே நேரலை அல்ல, சில மணி நேரம் முன்னால் பதிவு செய்யப்படுவது. நம் நெறியாளரிடம் அன்று இரவு என்ன இருக்கிறது? பொய்யான புள்ளிவிவரம் ஒன்று விழுந்தால் மறுக்க ஒரு தாள் இருக்கிறதா? வெறுப்புப் பேச்சு வந்தால் ஒலியை நிறுத்த அனுமதி இருக்கிறதா? இரண்டும் இல்லாமல் நேரலையில் ஏற்றிவிட்டு, அம்பலப்படுத்துகிறோம் என்று சொல்லாதீர்கள். அவர் சொன்னதைச் செய்தியாகப் போடுங்கள், அதில் உண்மை எவ்வளவு என்று சரிபார்த்துப் போடுங்கள். யாரும் அதைக் குறை சொல்லப்போவதில்லை. தினமும் ஒரு மணி நேரத்தை எழுதிக்கொடுப்பதுதான் தவறு.

ஆசிரியர்களே, இன்றைய பட்டியலிலேயே ஆரம்பியுங்கள். மதத்தையோ சாதியையோ பெண்களையோ இழிவாகப் பேசியவர், அதை வாபஸ் வாங்கும்வரை உங்கள் மேடைக்கு வேண்டாம். தலைப்பு மருத்துவம் என்றால் மருத்துவர் முதலில் பேசட்டும். கட்சிக்காரர் காத்திருக்கட்டும். நேரலையைச் சில நொடி தாமதித்து ஒளிபரப்பும் வசதி எப்போதோ வந்துவிட்டது. பயன்படுத்துங்கள். நெறியாளர் தம்பி தங்கைகளே, உங்கள் மேலே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வெறுப்புப் பேச்சில் நெறியாளரின் பொறுப்பு மிகப் பெரியது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொன்னது உங்களைப் பார்த்துத்தான். “இதை இங்கே பேச முடியாது” என்று நீங்கள் ஒரு முறை உறுதியாகச் சொன்னால், அந்த நாற்காலியில் அடுத்து உட்காருபவர் யோசித்துப் பேசுவார். கட்சித் தலைமைகளே, யார் அதிகம் கத்துகிறார் என்று பார்த்துப் பதவி கொடுப்பதை நிறுத்துங்கள்.

இனி நம் பங்கு. அந்தத் துண்டு வீடியோவைக் கோபத்தோடு பகிர்ந்தாலும் கணக்கில் அது ஒரு பார்வைதான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா போட்டால், “சித்தப்பா, இது வேண்டாமே” என்று மரியாதையோடு சொல்லுங்கள். நீங்களும் போடாதீர்கள். விஷயம் பேசும் நிகழ்ச்சி எங்காவது வந்தால் கடைசிவரை பாருங்கள், அதைப் பகிருங்கள்.

புகாரும் எழுதுங்கள். செய்தி ஒளிபரப்பாளர்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு விதிக்கும் அபராதம் 2023இல் அதிகபட்சம் 1 லட்சம் ரூபாயாகத்தான் இருந்தது. அது போதாது என்று அந்த ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொன்னது. போதாதுதான். ஆனாலும் 2021இல் திருத்தப்பட்ட கேபிள் டிவி விதிகளின்படி, பார்வையாளர் கொடுக்கும் புகாரை நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். ஒரு விவாதத்துக்கு ஆயிரம் புகார் போனால், மறுநாள் காலைக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அலைவரிசையின் பெயர், தேதி, நேரம், பேசியவர், பேசிய சொற்கள், இவ்வளவு இருந்தால் போதும். இன்று இரவு ஏதாவது காதில் விழுந்தால் உடனே குறித்துக்கொள்ளுங்கள். நாளைக் காலையிலேயே அனுப்பிவிடுங்கள்.