மாறனார் மறுநாள் எதை விதைத்தார்?

பெரியபுராணத்தில் சேறும் மழையும் நம் கால்வரை வந்து நனைக்கும் கதை ஒன்று உண்டென்றால் அது இளையான்குடி மாற நாயனாருடையதுதான். குறைவில்லாத செல்வத்தோடு இருந்த வேளாளர். வந்த அடியாருக்கெல்லாம் சோறிட்டே வறியவரானவர். ஒரு மழை இரவில் சிவன் அடியார் வேடத்தில் பசியோடு வாசலில் வந்து நிற்கிறார். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. பகலில் வயலில் விதைத்த முளைநெல்லை வாரி வந்தால் சமைக்கலாம் என்று வழி சொல்பவர் அவர் மனைவி. மாறனார் இறைகூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இருட்டில் காலால் வழியைத் தடவிப் போய், தண்ணீரில் மிதந்த விதையை வாரிக்கொண்டு வருகிறார். விறகுக்குக் கூரையை அறுக்கிறார். கறிக்கு, இன்னும் நிமிராத கீரையைக் கொல்லையிலிருந்து பிடுங்கித் தருகிறார். அமுது தயாரானதும் அடியார் சோதியாக எழுந்து மறைகிறார்.

திருவாரூர், நாகை மாவட்டக் கோயில்களில் நெடுங்காலமாகப் பெரியபுராணத் தொடர் சொற்பொழிவு செய்து வருகிறேன். மாறனார் மழையில் இறங்கும் இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்ளாத கூட்டம் கிடையாது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு சிற்றூரில், பிரசாதம் வாங்கிக்கொண்டு எல்லோரும் கலையும்போது, நடவுக்குப் போகும் அம்மாள் ஒருவர் என்னிடம் வந்தார். “அய்யா, அவரு மறுநாளு எத வெதைச்சாரு?” என்று கேட்டார். அவர் விதைக்கவில்லை, மனைவியோடு சிவலோகம் சேர்ந்தார், அங்கே குபேரனே அவருக்கு ஏவல் செய்தான் என்று சேக்கிழார் சொன்னதைச் சொன்னேன். “அவருக்கு மறுநாளே இல்ல. எங்களுக்கு இருக்குதுங்களே” என்றார் அந்த அம்மாள்.

விதைநெல்லைத் தின்னலாமா என்பதுதான் அவர் கேட்டது. சைவம் இதற்குத் தயங்காமல் விடை சொல்கிறது: வாசலில் நிற்கும் பசிதான் முதலில். டெல்டாக் குடியானவனின் அறம் அதே உறுதியோடு நேர்மாறாகச் சொல்கிறது. என் அப்பா வைக்கோல் பிரி சுற்றி, மேலே சாணமும் மண்ணும் பூசி, விதைக்கோட்டை கட்டி வைப்பார். காவிரி வறண்ட வருஷங்களில் அம்மா அண்டை வீட்டில் அரிசி கைமாற்று வாங்கியிருக்கிறாள். கோட்டையின் பிரியை அவிழ்த்ததில்லை. விதையைத் தின்பவன் பிள்ளையின் சோற்றைத் தின்கிறான் என்பது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லாத சட்டம். ஒன்று பக்தியின் அறம், மற்றது உழவின் அறம். இரண்டும் எனக்கு வேண்டும். இரண்டையும் ஒரே இரவில் எப்படி வைத்துக்கொள்வது?

அந்த அம்மாளின் கேள்விக்குப் பிறகு கதையை மறுபடி படித்தேன். சொற்பொழிவாளர்கள் வேகமாகக் கடந்துபோகும் ஓர் இடம் அதில் இருக்கிறது. வயலுக்குப் போகச் சொல்வதற்கு முன் மனைவி, இனி நமக்குத் தருவார் யாரும் இல்லை என்கிறார். அவர்கள் ஊரெல்லாம் கடன் வாங்கி முடித்திருந்தார்கள். ஒரே ஒரு வீடு கொஞ்சம் நெல் கொடுத்திருந்தால் விருந்தாளியும் உண்டிருப்பார், விதையும் வயலில் முளைத்திருக்கும். அப்படியானால் இரண்டு அறங்களும் மோதிக்கொள்ளவில்லை. கொடுப்பார் இல்லாத ஊரில் ஒரு வீட்டை மட்டும் தனியாக நிறுத்தினால் எந்த அறமும் இன்னொன்றைத் தின்றுதான் பிழைக்கும். நாயனாரின் பெருமையை இது ஒரு குன்றிமணி அளவும் குறைக்காது. ஆனால் அந்த இரவில் கதவைச் சாத்திக்கொண்டிருந்த மற்ற வீடுகளைப் பற்றியும் நாம் பேசியாக வேண்டும்.

நம் நாட்டுக்கே அப்படி ஓர் இரவு வந்தது. 1965, 1966 வறட்சியில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு உண்டது. 1967 தேர்தலில் தமிழ்நாட்டில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதே பெரிய வாக்குறுதி. தஞ்சையில் ஏடிடீ 27 என்ற புது நெல் ரகம் வந்தது, பிலிப்பைன்சிலிருந்து ஐ.ஆர். 8 வந்தது. குட்டையான தண்டு, உரத்தைக் குடித்து நிற்கும் பயிர், குறுகிய காலம். பசி வாசலில் நின்றது, வயலில் இருந்ததை வாரிக் கொடுத்தோம். அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அன்று உண்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் விருந்து முடிந்த பிறகும் நாம் வயலுக்குத் திரும்பிப் பார்க்கவில்லை. காட்டுயானம், குடவாழை, பூங்கார், கருங்குறுவை, தூயமல்லி என்று வட்டாரத்துக்கு வட்டாரம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஏற்ப நின்ற நெல்லெல்லாம், யாரும் அழிக்க நினைக்காமலே, யாரும் விதைக்காததால் போய்க்கொண்டிருந்தன.

போனதைத் தேடியவர்களில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரை எல்லோருக்கும் தெரியும். 2003இல் பூம்புகாரிலிருந்து கல்லணைவரை அவர் நடந்த நடைப்பயணத்தில் கூட நடந்தவர் கட்டிமேடு ஜெயராமன். வழியில் உழவர்கள் கொடுத்த சில பழைய நெல் வகைகளிலிருந்து அவர் வேலை தொடங்கியது. ‘கிரியேட்’ அமைப்பும் ‘நமது நெல்லைக் காப்போம்’ இயக்கமும் அவருக்குப் பின்னால் நின்றன. 2006இல் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா ஆரம்பமானது. 2018 டிசம்பர் 6ஆம் நாள், ஐம்பது வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டுபோவதற்குள் 170க்கும் மேற்பட்ட நெல் வகைகளை மீட்டிருந்தார். ‘நெல்’ என்பதே அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது.

என் மனம் நிற்பது அந்த எண்ணிக்கையில் அல்ல, அவர் வைத்த கணக்கில். திருவிழாவுக்கு வருகிற உழவருக்கு இரண்டு கிலோ விதை. காசு வேண்டாம். அடுத்த வருஷம் நான்கு கிலோவாகக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அது இன்னும் இரண்டு பேருக்குப் போகும். இரண்டு கிலோவை ஒற்றை நாற்றாக நட்டால் ஏறக்குறைய ஒரு ஏக்கருக்கு வரும். (அந்த நடவு முறையை 1983இல் மடகாஸ்கரில் வகுத்தவர் ஆன்றி தெ லொலானியே என்ற யேசு சபைப் பாதிரியார். விதையை மிச்சம் பிடிக்கும் வழி ஒரு துறவியின் கையிலிருந்து வந்தது எனக்குப் பிடித்த செய்தி.)

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மழுப்ப விரும்பவில்லை. திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது தானம் ஆகுமா? கைம்மாறு கருதாமல் கொடுப்பதே சாத்விகத் தானம், பதிலை எதிர்பார்த்துக் கொடுப்பது அதற்குக் கீழ் என்று கீதையின் பதினேழாம் அத்தியாயம் தரம் பிரிக்கிறது. இல்லாதவருக்குக் கொடுப்பது மட்டுமே ஈகை, மற்றதெல்லாம் திரும்பி வரும் கணக்கில் சேர்ந்தது என்பது வள்ளுவர் கட்சி. அந்த அளவுகோலில் வைத்தால் மாறனார் எங்கோ உயரத்தில் நிற்கிறார். ஆதிரெங்கத்துக் கணக்கு, வட்டிக்கு விட்டதுபோலத் தோன்றும். இரண்டுக்கு நான்கு என்றால் நூற்றுக்கு நூறு வட்டி அல்லவா?

வட்டி, கடன் கொடுத்தவனிடம் வந்து தங்கும். இது தங்குவதில்லை, வாங்கியவர் தரும் நான்கு கிலோ, அவர் முகமறியாத இரண்டு வீடுகளுக்குப் போகிறது. அதைவிட முக்கியம், விதையின் சுபாவம். பொன்னைப் புதைத்து வைக்கலாம். நூறு வருஷம் கழித்தும் பொன்தான். நெல் நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் ஓரிரு வருஷத்துக்குள் முளைப்பை இழந்துவிடும். பிறகு அது விதையல்ல, தீனி. ஆகவே விதையை வைத்துக்கொள்ள வீட்டில் ஒரே வழி அதை மண்ணில் போட்டுவிடுவது, முளைத்து வந்ததில் ஒரு பங்கை அடுத்த வீட்டில் கொடுத்து வைப்பது. என் வயல் முழுகினால் அவர் வயலில் இருக்கும். திருப்பிக் கேட்காமல் ஒருவருக்கு விதையைக் கொடுத்தால் அவர் அதைச் சமைத்து உண்ணலாம், அதில் பிழையும் இல்லை. திருப்பிக் கேட்டால் அவர் விதைத்தே ஆகவேண்டும். கேட்பதால் வாங்கியவரைத் தாழ்த்தவில்லை. நீயும் கொடுப்பவன்தான், வருஷம் ஒன்று பொறு என்று அவருக்கு மதிப்புச் செய்கிறோம். தானம் வாங்கியவன் தலைகுனிந்து போகும் காட்சியை என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். நெல் திருவிழாவில் நான்கு கிலோப் பையோடு வருகிறவர்களின் நடையே வேறு.

2001ஆம் வருஷத்துப் பயிர் ரகங்கள், உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 39ஆம் பிரிவில், உழவர் தன் விதையைச் சேமிக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், வணிக முத்திரை இல்லாமல் விற்கலாம் என்கிறது. நல்ல சட்டம். அது உரிமையைச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. பகிராமல் இருந்தால் கேட்பாரில்லை. அரசும் 2021இல் நெல் ஜெயராமன் பெயரிலேயே மரபுசார் நெல் ரகங்களுக்கு ஓர் இயக்கம் அறிவித்து, மானியத்தில் விதை தருகிறது. மனதார வரவேற்கிறேன். ஆனால் மானிய விலைக்கு வாங்கியவரின் கடமை ரசீதோடு தீர்ந்துபோகிறது. சட்டமும் மானியமும் கேட்காத ஒன்றை ஒரு சின்ன அமைப்பு கேட்டது.

பழைய நெல் விளைச்சல் குறைவு என்பது உண்மை. எங்கள் வயலில் மாப்பிள்ளைச் சம்பா ஏக்கருக்கு இருபது மூட்டை கண்டாலே பெரிது. பக்கத்து வயலின் புது ரகம் முப்பதைத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உயரமான பயிர் சாய்ந்தால் அறுக்கும் இயந்திரத்துக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எல்லா வயலிலும் இதையே போடு என்று கடன்பட்ட குத்தகைக்காரரிடம் நான் சொல்ல மாட்டேன். ஒரு மா நிலத்தில் போடுங்கள் என்பேன். புது ரகங்களே பழசை நம்பித்தான் நிற்கின்றன. பயிரைப் புல்போல் குட்டையாக்கும் வைரஸ் நோய் ஆசியாவில் பரவியபோது, பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் ஆயிரக்கணக்கான வகைகளைச் சோதித்து, உத்தரப் பிரதேசத்துக் காட்டு நெல் ஒன்றில்தான் எதிர்ப்பைக் கண்டது. 1976இல் வந்த ஐ.ஆர். 36க்குள் அந்தக் காட்டு நெல்லின் பங்கு இருக்கிறது. உறைகுளிரில் வைத்த சேமிப்பும் நமக்கு வேண்டும்தான். ஆனால் குளிர்பெட்டியில் இருக்கும் நெல் புது மழையையோ புதுப் பூச்சியையோ பார்ப்பதில்லை. வருஷா வருஷம் வயலில் நிற்பதற்குத்தான் அந்தப் பழக்கம் வரும்.

மாறனார் குருபூஜை ஆவணி மகம். நீண்ட நாள் சம்பாவுக்கு நாற்றங்கால் விடும் பருவமும் அதுவே. ஆகவே அன்று சொற்பொழிவு முடிந்ததும் கேட்பவர்களுக்கு இரண்டு கிலோ விதை கொடுக்க ஆரம்பித்தேன், ஆதிரெங்கத்துக் கணக்கிலேயே. நான் பேசும் கோயில் ஒன்றின் பெரியவர்கள் இதற்கு ஒப்பவில்லை. சன்னதியில் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது பாவம், நாயனார் கணக்குப் பார்த்தா கொடுத்தார் என்றார்கள். அவர்கள் பக்தியை நான் மதிக்கிறேன். நாயனாருக்குக் கணக்கு வேண்டியிருக்கவில்லை, அவருக்கு மறுநாள் இல்லை என்று அந்த அம்மாள் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். அவர்களும் மாறவில்லை, நானும் மாறவில்லை. இப்போது கோபுர வாசலுக்கு வெளியே, தேரடியில் வைத்துக் கொடுக்கிறேன். வாங்குகிறவர் பெயரும் ஊரும் ஒரு நோட்டில் ஏறும். வெள்ளத்தில் பயிர் போனவருக்குத் தவணை இல்லை, விளையும்போது தந்தால் போதும். இந்த ஆவணிக்குத் தூயமல்லியும் மாப்பிள்ளைச் சம்பாவும் கையில் இருக்கின்றன. வேதாரண்யத்திலிருந்து ஒருவர், உப்புத் தண்ணீர் ஏறிய நிலத்துக்குக் குடவாழை கேட்டிருக்கிறார். அது என்னிடம் இல்லை. யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.