உறவின் பெயரும் உறவின் இயல்பும்

மனிதர் ஒருவரோடொருவர் கொள்ளும் தொடர்புகளுக்குத் தமிழ் பல பெயர்களைத் தந்துள்ளது. கேண்மை, கிளைமை, சுற்றம், பழைமை என்பன அவற்றுட் சில. திருக்குறளின் பொருட்பாலில் நட்பு முதல் கூடா நட்பு ஈறாக ஐந்து அதிகாரங்கள் தொடர்ந்து நட்பினையே ஆராய்கின்றன. ஆயினும், ஓர் உறவை அதன் பெயர்கொண்டு மட்டும் இன்னதெனத் துணிந்துவிடலாமா என்பது ஈண்டு எழும் வினாவாகும்.

கிரேக்க மெய்யியலாளரான அரிஸ்டோட்டில் தமது நிக்கோமாக்கிய ஒழுக்கவியலில் நட்பினைப் பயன் கருதியது, இன்பம் கருதியது, நற்பண்பு கருதியது என மூவகைப்படுத்தினார். முன்னைய இரண்டும், கருதிய பொருள் அற்றவிடத்துத் தாமும் அற்றுப்போவன. வகுப்பு தெளிவானதே. ஆனால், கர்ணன் துரியோதனனோடு கொண்ட தொடர்பை இவற்றுள் எங்கு வைப்பது? அவையில் இழிவுற்றவனுக்கு அங்க நாட்டு முடியைச் சூட்டிய துரியோதனன், அருச்சுனனுக்கு நிகரான வில்லாளி ஒருவனைத் தேடியே அதனைச் செய்தான். கர்ணனும் பயனையே கருதியிருப்பின், தான் குந்தியின் மூத்த மகன் என அறிந்தபோது பெரும்பயன் இருந்த பக்கம் சேர்ந்திருப்பான். அவன் சேரவில்லை. பயனிற் பிறந்த உறவு பயனைக் கடந்தது எனலாம். எனினும், நண்பன் நெறி பிறழுமிடத்து இடித்துரைத்தல் நட்பின் கடமை என்பது வள்ளுவர் கருத்து. சூதாட்ட அவையில் கர்ணன் இடித்துரைத்தானல்லன், உடன்நின்றான். செஞ்சோற்றுக்குக் கடன்பட்டவனின் நா அவ்வாறு எழுவது அரிது.

இவ்வினா இதிகாசத்தோடு முடிவதன்று. யாழ்ப்பாணத்துக் குடிமை முறையிலே சலவைத் தொழிலாளரும் முடிதிருத்துவோரும் நிலவுடைமையாளர் இல்லங்களின் நன்மை தீமைகளில் சடங்குக் கடமைகளை ஆற்றிவந்தனர். அறுவடையில் நெல்லும் கொண்டாட்டத்தில் துணியும் அவர்க்குக் கிடைத்தன. “எங்கள் ஆட்கள்” என அவர்கள் பரிவோடு பேசப்பட்டதும் உண்மையே. ஆனால், நரைத்த முதியவர் அவ்வீட்டுச் சிறுவனை ‘நயினார்’ என்றார். சிறுவன் முதியவரைப் பெயர்சொல்லி அழைத்தான். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்து பதினோராண்டு கழிந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசத்திற்குப் போராட வேண்டியிருந்தது. பரிவு அவ்வாயிலைத் திறக்கவில்லை.

அடிமை உயிருள்ள கருவி, கருவியோடு நட்பில்லை என்ற அரிஸ்டோட்டில், மனிதன் என்ற வகையில் அவனோடு நட்பு இயலும் என்றும் கூறினார். அடிமை முறையை நியாயப்படுத்தியவரும் அவரே என்பது வியப்புக்குரியது. ஒரே ஆளிடத்துக் கருவியையும் மனிதனையும் பிரித்துக் காணல் பேச்சில் எளிது. மறுக்கும் உரிமை மற்றவனுக்கு இல்லாதவிடத்து அப்பிரிப்பால் அவனுக்கு ஆவதொன்றுமில்லை.

தாய்க்கும் சேய்க்குமிடையே சமத்துவம் ஏது என ஒருவர் வினவலாம். தக்க வினாவே. அவ்வேற்றுமையோ குழந்தை வளர வளரக் குறைந்து செல்வது. அது குறைவதையே தாயும் விரும்புகிறாள். குடிமை உறவில் ஒருவர் வளர்வது மற்றவர்க்கு இழப்பாகத் தோன்றியது. தொழிலை விட்டுக் கற்று ஆசிரியரானவரின் குடும்பத்தைக் குறித்து, “முன்போல இப்போது வருவதில்லை” என மனம் நொந்துகொண்ட வீடுகள் உண்டு. அந்நோவும் பொய்யன்று. ஆனால், அவ்வீட்டார் அவரது வீட்டுக்கு ஒருமுறையேனும் சென்று தேநீர் அருந்தியதுண்டா என எவரும் கேட்டாரில்லை.