பேசாத கம்பி

வடக்கனந்தல், இரவு. மும்முனைக் கரண்டுக்காக மோட்டார் கொட்டாயில் காத்திருக்கிறேன். மேற்கே கல்வராயன் மலை இருட்டோடு இருட்டாகக் கிடக்கிறது. சுவரில் பழைய ஸ்டார்ட்டர், பக்கத்தில் நான் மாட்டிய பிளாஸ்டிக் பெட்டி. பெட்டிக்குள் ஒரு இஎஸ்பி32 போர்டு, ஒரு சிம்800எல் மோடம், ஒரு ரிலே. கிணற்றின் தண்ணீர் மட்டத்தை அளக்கும் சென்சாரிலிருந்து ஒயர் வந்து சேர்கிறது. கரண்டு வந்தால் வீட்டுக்குச் சேதி போக வேண்டும். கிணற்றில் தண்ணீர் இருந்தால் மோட்டார் ஓட வேண்டும். டார்ச் அடித்துக்கொண்டு நள்ளிரவில் வரப்பில் நடப்பவர்களின் காலுக்காக இந்தப் பெட்டி.

*

பக்கத்து நிலத்து மாமா ஒருநாள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, டிஎக்ஸ்னு எழுதுன இடத்துலேருந்து ஆர்எக்ஸுக்கு ஒயர் போவுது? பேரு ஒண்ணா இருக்கறதுக்குத்தானே போவணும்?"

"போன்ல நீங்க பேசறது என் காதுக்குத்தானே மாமா வரணும்? உங்க வாய்க்கு எதிரா என் வாயை வச்சா யாரு கேக்கறது?"

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. ஒவ்வொரு கருவியும் தன் இடத்தில் நின்றே பேர் வைத்துக்கொள்கிறது. மோடத்தின் டிஎக்ஸ் மோடத்தின் வாய். போர்டுக்கு அது கேட்க வேண்டிய குரல். இரண்டுக்கும் கிரவுண்ட் ஒன்றாக இருக்க வேண்டும். நிற்கிற தரை வேறு வேறானால் ஒருவர் சொல்லும் உயரம் மற்றவருக்கு அர்த்தமாகாது.

*

நேரம் சொல்லும் கம்பி என்று தனியாக எதுவும் கிடையாது. விநாடிக்கு 9600 பிட் என்று இருபுறமும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிட்டால் ஒரு பிட்டுக்கு 104 மைக்ரோ விநாடி. தொடக்கத்துக்கு ஒன்று, எழுத்துக்கு எட்டு, முடிவுக்கு ஒன்று என ஓர் எழுத்துக்குப் பத்து பிட். அந்த ஒப்பந்தத்தை நம்பித்தான் இரண்டும் பேசுகின்றன.

நான் நெடுநாள் கவனிக்காத ஒன்று உண்டு. யாரும் பேசாதபோது கம்பி வெறுமையாக இல்லை. அப்போதுதான் அதில் மின்னழுத்தம் நிற்கிறது. பேச்சு தொடங்குகிறது என்பதற்கு அடையாளமே அது கீழே இறங்குவதுதான். இது தந்திக் காலத்து வழக்கம். சும்மா இருக்கும்போதும் கம்பியில் மின்சாரம் ஓடினால், கம்பி அறுந்ததை உடனே அறியலாம். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. அதன் பழக்கம் இந்தக் கொட்டாயில், கட்டைவிரல் அகல மோடத்தில் இருக்கிறது.

*

இஎஸ்பி32-இல் சீரியல் வழிகள் மூன்று. முதலாவது 1, 3 பின்களில், கணினியோடு பேச. மூன்றாவது 16, 17-இல். அதைக் கிணற்று சென்சாருக்குக் கொடுத்தேன். நடுவில் உள்ளதற்கு இயல்பாக வாய்த்த 9, 10 பின்களோ, போர்டு தன் நிரலைச் சேமிக்கும் பிளாஷ் நினைவகத்தோடு கட்டுப்பட்டவை. தொடக்கூடாது. ஆனால் இந்தச் சில்லுக்குள் ஒரு மடை ஏற்பாடு இருக்கிறது: எந்த வழியையும் ஏறக்குறைய எந்தப் பின்னுக்கும் திருப்பிவிடலாம். எங்கள் பக்கத்துக் கோமுகி வாய்க்காலில் பலகை போட்டு நீரைத் திருப்புவதைச் சிறு வயதிலிருந்து பார்த்தவன் என்பதாலோ என்னவோ, இதைப் படித்த அன்று எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அப்படி நடு வழியை மோடத்துக்குத் திருப்பி, கைக்கு எட்டிய 12-ஐக் கேட்கவும், பக்கத்திலிருந்த 14-ஐப் பேசவும் வைத்தேன்.

வீட்டு மேசையில் எல்லாம் ஓடியது. கொட்டாயில் ஓடவில்லை. கரண்டு வரும், போர்டு எழாது. மோடத்தின் ஒயரைப் பிடுங்கினால் எழும். மறுபடி செருகினால் ஒழுங்காக வேலை செய்யும். அடுத்த முறை கரண்டு போய் வந்தால் மீண்டும் அதே கதை. நான்கு இரவுகள் போயின. ஸ்டார்ட்டரைச் சந்தேகப்பட்டேன், அடாப்டரைச் சந்தேகப்பட்டேன்.

காரணம் 12-ஆம் பின். யார் முகத்தில் முழித்தோம் என்று நாம் கேட்பதுபோல, இந்தச் சில்லு எழும் கணத்தில் சில பின்களின் முகத்தைப் பார்க்கிறது: 0, 2, 5, 12, 15. அந்தக் கணத்தில் 12 மேலே நின்றால், பிளாஷுக்கு 1.8 வோல்ட் போதும் என்று எடுத்துக்கொள்கிறது. என் போர்டின் பிளாஷுக்கோ 3.3 வேண்டும். தன் நிரலையே படிக்க முடியாமல் கிடக்கிறது. மேசையில் போர்டு எழுந்த பிறகுதான் மோடத்தைச் செருகுவேன். கொட்டாயில் மோடத்துக்குத் தனி பேட்டரி. அது எப்போதும் விழித்திருக்கும். விழித்திருந்து ஒன்றும் பேசாமல், தன் கம்பியை மேலேயே பிடித்திருக்கும். அந்த மௌனம்தான் என் போர்டை எழவிடாமல் செய்தது.

*

இதன் பிறகு பின் ஒதுக்குவதை வேறு விதமாகப் பார்க்கிறேன். முன்பு, எது காலியாக இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். இப்போது நோட்டில் ஒவ்வொரு ஒயருக்கும் முதலில் எழுதுவது, பேசாதபோது அது எப்படி நிற்கும் என்பதைத்தான். பின்னுக்கும் அப்படியே: காலையில் எழும்போது அது யார் கண்ணில் படும், என்ன கொடுக்கும், என்ன வாங்கும்.

34-லிருந்து 39 வரையுள்ளவை வாங்க மட்டுமே அறிந்தவை, கடைமடை வயல்களைப் போல. பேச வராது என்பதால் அவற்றைக் கழித்துவைத்திருந்தேன். இப்போது மோடத்தின் குரலை 35-க்குக் கொடுத்திருக்கிறேன். கேட்பதற்கென்றே இருக்கும் பின்; எழும்போது சில்லு இதன் முகத்தைப் பார்ப்பதுமில்லை. எப்போதாவது மோடம் அணைந்தால் இந்தப் பின் அலையாமலிருக்க, 3.3 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. பேசுவதற்குப் பக்கத்து 32.

*

கரண்டு வந்துவிட்டது. போர்டின் சிவப்பு விளக்கு எரிகிறது. மோடத்திடம் ஏடி என்று கேட்கிறது, ஓகே என்று பதில் வருகிறது. கிணற்றுப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம்.

இப்படி ஒரு பெட்டியை நீங்கள் கட்டினால், எந்த ஒயர் எந்தப் பின்னுக்கு, ஏன் அந்தப் பின் என்று ஒரு தாளில் எழுதி, கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். கொட்டாய்க்குள் அடுத்து டார்ச்சோடு நிற்பவர் நீங்களாக இல்லாமலும் போகலாம்.