எப்பவும் வாறதுதான்

மைஎஸ்கியூஎல் சேர்வரை ஒருமுறை நிறுத்தி ஏற்றினால் லொக்கில் எம்வை-010068 என்றொரு வோர்னிங் விழுவது சகஜம். சான்றிதழுக்கு வெளியார் யாரும் உத்தரவாதம் தரவில்லை, சேர்வர் தானே தயாரித்து தானே கையெழுத்து வைத்துக்கொண்டது என்பது அதன் சாரம். ஒபீஸுக்குள்ளேயே ஓடும் டேட்டாபேஸுக்கு இதனால் ஒரு கேடும் இல்லை. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை பதறிப்போய்க் கேட்டால், பக்கத்தில் இருப்பவர் தலை நிமிராமலே சொல்வார்: "அது எப்பவும் வாறதுதான் தம்பி, விடும்."

விடலாம்தான். ஆனால் 'எப்பவும் வாறது' என்பது ஒரு காரணமா?

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் வேறொரு வோர்னிங் உண்டு. பரிவர்த்தனை எண்கள் தீர்ந்துகொண்டு வருகின்றன, வெக்யூம் செய் என்று கெஞ்சும். இப்போதைய பதிப்புகளில் 40 மில்லியன் எண்கள் மீதி இருக்கும்போதே தொடங்கிவிடும். வாக்கியம் மாறாது, நடுவில் உள்ள எண் மட்டும் வரிக்கு வரி இறங்கும். 3 மில்லியனுக்கு வந்ததும் சேர்வர் புதிதாக எதையும் எழுத மறுத்துவிடும். மின்னஞ்சல் அனுப்பும் மேன்ட்ரில் சேவை 2019 பெப்ரவரியில் இந்த எண் தீர்ந்துதான் படுத்தது. இந்த வோர்னிங்கும் எப்பவும் வாறதுதான், வராமல் நிற்கும் நாள் வரை.

கொச்சிக்கடையில் குடியிருந்துகொண்டு எச்சரிக்கை பற்றி எழுதுபவனுக்கு 2019 ஏப்ரலைத் தாண்டிப் போக வழியில்லை. சான்றிதழ் வரியையும் அதையும் ஒரே மூச்சில் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. 4ஆம் திகதி, தாக்குதல் நடக்கப்போகிறது என்று இந்தியாவிலிருந்து தகவல் வந்தது. 9ஆம் திகதி கடிதமாகிப் பொலிஸ்மா அதிபருக்குப் போனது. 11ஆம் திகதி இன்னொரு கடிதமாகிப் பிரமுகர் பாதுகாப்புப் பிரிவுகளுக்குப் போனது. தமக்கு யாரும் சொல்லவில்லை என்றார் கர்தினால் மல்கம் ரஞ்சித். 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு, எங்கள் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 100 மில்லியன் ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. வேறு நான்கு அதிகாரிகளுக்கும் ஆளுக்கொரு தொகை. அந்தக் கடிதங்களை யாரும் கிழித்தெறியவில்லை. ஒழுங்காகப் பெறப்பட்டன, ஒழுங்காக அனுப்பப்பட்டன. என்னை உறுத்துவது அந்த ஒழுங்குதான்.

ஆகவே, கவனிக்கப்போவதில்லை என்றால் அந்த வோர்னிங்கின் வாயை அடைப்பதே நேர்மை என்று எனக்குப் படுகிறது. மைஎஸ்கியூஎல் 8.0.13 முதல் வேண்டாத வோர்னிங்குகளை எண் குறிப்பிட்டு அடக்கலாம். எரரை அடக்க அது விடாது. கண்ணை மூடிக்கொள்வதும் அடக்குவதும் ஒன்றல்ல: அடக்க ஒரு ஆள் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். எங்கள் கொன்பிக் கோப்பில் ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே ஏன், யார், எந்தத் திகதி என்று எழுதாமல் நான் விடுவதில்லை. பதிப்பு மாறும்போது பட்டியலைக் காலியாக்கிவிடுவேன். பாதி வோர்னிங் பழையபடி வந்து விழும். இளசுகள் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி காரணம் எழுதுவார்கள். 'எப்பவும் வாறது' என்று ஒருவர் எழுதி வைத்தார்; திருப்பி அனுப்பினேன்.